முழுக்கைச் சட்டை

எங்கள் பள்ளிக்கூடக் கொட்டகை வெயிலுக்குத்தான் லாயக்கு. மழை வந்தால் கூரையில் ஏழெட்டு இடத்தில் ஒழுகும். தூறல் வலுத்ததும் இருபது பிள்ளைகளும் சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எதிர் மேட்டில் இருந்த வீட்டுக்குள் ஓடிவிடுவார்கள். நான் ஆஜர்ப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஒழுகாத மூலையில் உட்கார்ந்திருப்பேன். கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் நான் வாத்தியாராக இருந்தபோது இதுதான் மழைக்கால ஏற்பாடு. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், ஒரு மத்தியானம் மழை பிடித்தது. எல்லோரும் ஓடினார்கள். என் மகள் மட்டும் ஓடவில்லை. அவளுக்கு அப்போது எட்டு வயசு. கொட்டகைக்கும் மேட்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம் இருந்தது. அதன் அடியில் போய், இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பலாமரம் கொஞ்ச நேரம்தான் மழையைத் தாங்கும். அப்புறம் இலை இலையாகச் சேர்த்து வைத்துக் கொட்டும். பிள்ளை தொப்பலாக நனைந்துவிட்டது.

"ஏங் கண்ணு அங்க நிக்கறே? இங்க வா" என்று கொட்டகையிலிருந்து கத்தினேன்.

"இங்கயே இருக்கறனுங்கப்பா" என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். அந்த இடது கையில் பச்சை குத்தியிருந்தது. நான் இருந்த பக்கத்து ஊர்களில் அந்தக் காலத்தில் பச்சை குத்திய உடம்போடு யாரும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வீட்டுச் சாமிக்கு ஆகாது என்பார்கள். அவர்கள் யாரும் குத்திக்கொள்வதும் இல்லை. இதில் விரோதம் ஒன்றும் கிடையாது. நம் வீடுகளில் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்வதில்லையா, அவர்களுக்கு அந்த மாதிரி. என்ன, செருப்பைக் கழற்றலாம்.

இந்த வழக்கம் எனக்கு மலையேறிய முதல் நாளே தெரியும். அப்போது மேலே வர ரோடு இல்லை, அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதைதான். என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்த ஆள், பாதி வழியில் ஊற்றுத் தண்ணீர் குடிக்க நின்றபோது என் கையைப் பார்த்துவிட்டார். முழங்கைக்குக் கீழே எனக்கு ஒரு தேள் உண்டு. பதினாறு வயசில், திருவிழாக் கூட்டத்தில், கூட்டாளிகளுக்கு முன்னால் வீரம் காட்டுவதற்காகக் குத்திக்கொண்டது.

"வாத்தியாரே, இத மேல யாருக்கும் காட்டிராதீங்க. பச்சை இருந்தா ஊட்டுக்குள்ள சேத்தமாட்டாங்க" என்றார்.

நான் அங்கேயே முழுக்கைச் சட்டையின் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் நாலு பேர் முன்னால் அந்தப் பொத்தானைக் கழற்றவில்லை. கேட்டவர்களிடம் குளிர் தாங்கவில்லை என்றேன். மலைக் குளிர் எனக்கு நல்ல சாக்காக இருந்தது. வீடு வீடாகப் போய் உள்ளே உட்கார்ந்து பேசினால்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள், வாசலில் நின்று கேட்கிற வாத்தியாரை யார் மதிப்பார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அப்படிப் போன வீடுகளில் எல்லாம் ராகிக் களியும் சாமைச் சோறும் தேனும் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் தேளும் நானும் சேர்ந்தே தின்றோம்.

மனைவியிடம்கூட இந்த வழக்கத்தைச் சொல்லவில்லை. சொன்னால், "அப்போ திருட்டுத்தனமாத்தான் உள்ள போயிட்டு வாரீங்களா?" என்று கேட்பாள். முகத்துக்கு நேராகக் கேட்கக்கூடியவள். அவளுக்குக் கையில் பச்சை கிடையாது. சின்ன வயசில் குறத்தியின் ஊசியைக் கண்டு சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டாளாம். அதற்காக அவளுடைய அடிவாரத்து ஊரில் கூட்டாளிப் பெண்கள் அவளை "வெறுங்கை, வெறுங்கை" என்று கூப்பிட்டு, கல்யாணம் ஆகிற வரைக்கும் கேலி செய்தார்களாம். தன் மகள் அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கோடை லீவுக்குப் பிறந்த வீட்டுக்குப் போனவள், சந்தையில் ஒரு குறத்தியைப் பிடித்து, பிள்ளையின் இடது முன்கையில் நாலு புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம் குத்தி அழைத்து வந்துவிட்டாள்.

"அழுவவே இல்லீங்க உங்க மக. எனக்குத்தான் கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்று பெருமையாகச் சொன்னாள்.

நான் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இதெல்லாம்" என்று மட்டும் சொன்னேன். நான் ஒரு வருஷம் முன்பே வாயைத் திறந்திருந்தால் அந்த ஊசி பிள்ளையின் கையில் இறங்கியிருக்காது. அதை நினைத்தேன். நினைத்துவிட்டு, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பிள்ளைகள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு என்று ஒரு வாத்தியார் நம்பினால் அவனை என்ன சொல்வது?

அதற்கு முந்தின வருஷம் முழுக்க என் மகள் அந்த ஊரில் ராணி மாதிரி திரிந்தவள். மேட்டு வீட்டில் அவள் வயசில் ஒரு சிறுமி இருந்தாள். இரண்டு பேரும் இணைபிரியாத கூட்டு. அந்த வீட்டில் தேன் கலயம் எந்த மூலையில் இருக்கிறது என்பது அவர்கள் வீட்டுக்காரர்களைவிட என் மகளுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சிறுமி மரம் ஏறுவதில் பையன்களைத் தோற்கடிப்பாள். கணக்கில் மட்டும் என் மகளைப் பார்த்து எழுதுவாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

பலாமரத்தடியில் நின்ற மறுநாள் பாட்டு என் காதில் விழுந்தது. இடைவேளையில் கொட்டகைக்குப் பின்னால் நாலைந்து பேர் கைகொட்டிப் பாடினார்கள்.

"பச்சைக் கை, பச்சைக் கை,
ஊட்டுக்குள்ள வராத கை,
பலாமரந்தான் உன்ற ஊடு,
மழ வந்தா அங்க ஓடு!"

வேறு யாரைப் பற்றியாவது இருந்திருந்தால், நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நானும் சிரித்திருப்பேன். எட்டிப் பார்த்தேன். அடியெடுத்துக் கொடுத்தது மேட்டு வீட்டுச் சிறுமி. என் மகள் மூன்றடி தள்ளி, சிலேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல். வாத்தியார் கோபமும் அப்பன் கோபமும் ஒன்றாகச் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். அந்தச் சிறுமியை இழுத்து வந்து, எல்லோர் முன்னாலும் உள்ளங்கையில் நாலு அடி கொடுத்தேன். பிரம்பு முறியவில்லை, அவ்வளவுதான். அவள் அழவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் மகளை ஒரு பார்வை பார்த்தாள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று நான் பிரம்பைக் கூரையில் செருகினேன்.

பாட்டு நின்றுவிட்டது என்னவோ உண்மை. அதற்குப் பதில் வேறொன்று வந்தது. என் மகள் பக்கத்தில் போனால் போதும், பிள்ளைகள் சத்தமில்லாமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். வாயைத் திறப்பதில்லை, சிரிப்பதுகூட இல்லை. அவள் கடந்து போனதும் கையை எடுத்துவிடுவார்கள். வரிசையாக நாலு பிள்ளை, ஐந்து பிள்ளை, பிறகு எல்லாப் பிள்ளைகளும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையை எந்தக் குற்றத்துக்காக அடிப்பது? ஒழுக்கமாக நிற்கிறான் என்றுதான் இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போவார்.

அந்த வாரமே மேட்டு வீட்டுக்காரர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மகளை அடித்ததைக் கேட்கப் போகிறார் என்று பயந்துகொண்டே போனேன். மனுஷர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. உள்ளே பலகை போட்டு உட்காரவைத்து, களியும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். பரிமாறினது அந்தச் சிறுமிதான். உள்ளங்கை இன்னும் கன்றிப்போயிருந்தது. கலயத்தை விரல் நுனியால் பிடித்திருந்தாள். நான் சட்டைப் பொத்தானோடு உட்கார்ந்து தின்றேன்.

"வாத்தியாரே, பாப்பா கையில..." என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்த வருஷம் மழை முன்னாடியே புடிச்சிருச்சுங்களே" என்றேன் நான். அவர் நல்ல மனுஷர். மழையைப் பற்றியே பேசினார்.

என் மகளுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு நான் செய்த கூத்துகளை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதலில், "கண்டுக்காத கண்ணு, அவங்களே அலுத்துப்போய் உட்டுருவாங்க" என்றேன்.

"நான் கண்டுக்காமத்தான் இருக்கறனுங்கப்பா. அது அவங்களுக்குத் தெரியமாட்டீங்குது" என்றாள்.

அடுத்ததாக, பதிலுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் கட்டிக்கொடுத்தேன். "என்ற கையில கோலம் இருக்குது, உன்ற கையில என்ன இருக்குது?" இரண்டு நாள் வீட்டில் சொல்லிப் பழக்கினேன். அவள் போய் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. அதனாலதான் நாங்க உள்ள இருக்கறோம்" என்று பதில் வந்ததாம்.

கடைசியில் எனக்குத் தெரிந்த வித்தையையே அவளுக்கும் கொடுத்தேன். செம்மேட்டுச் சந்தைக்கு அடிவாரத்திலிருந்து துணி மூட்டையோடு ஒரு ராவுத்தர் வருவார். அவரிடம் கெட்டித் துணியாக எடுத்து, மணிக்கட்டு வரைக்கும் கை வைத்து ஒரு சட்டை தைத்து வாங்கினேன். "சின்னப் புள்ளைக்கு எதுக்குங்க இவ்வளவு நீளக் கை?" என்று அவரே கேட்டார். குளிர் என்றேன்.

அந்தச் சட்டை நாலு நாள் தாங்கியது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை மூடிவைத்தால், அதைத் திறந்து பார்ப்பதுதான் பிள்ளைகளுக்கு விளையாட்டு. ஐந்தாம் நாள் இடது கை தோளிலிருந்து பிரிந்து தொங்க வீட்டுக்கு வந்தாள்.

"முள்ளுங்கப்பா" என்றாள்.

எந்த முள்ளும் தையல் பார்த்துப் பிரிக்காது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்கூடத்துக்கு வர மறுத்தாள். அதற்கு மறுநாளும் வயிறு வலித்தது.

என் மனைவி அந்தச் சட்டையைத் தைத்துக்கொண்டே பேசினாள். வழக்கத்தை அதற்குள் அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு இது முந்தியே தெரியுங்களா?"

நான் விளக்குத் திரியைத் தூண்டினேன்.

"நான் பட்டது புள்ளை படக்கூடாதுன்னு செஞ்சேன். அதயவிட மோசமாப் போச்சு. அடுத்த சந்தையோட நான் புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கீழ போறனுங்க. எழுத்துப் படிச்சது போதும்."

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அவளுடைய ஊரில் அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே மாட்டார்கள். கீழே போனால் மாட்டுக்குப் பின்னால் போக வேண்டியதுதான், ஐந்தாறு வருஷத்தில் கல்யாணம். என் மகள் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கீழே வைக்காதவள். வாங்கிவந்த வெல்லம் சுற்றின காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படிப்பாள். அந்தப் படிப்பு ஒரு வாரத்தில் முடிந்துபோகும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. தடுக்கவும் வழி தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது அவளையும் கூட்டிப் போனேன்.

"கீழ போயிரலாங்களா சாமி?" என்று கேட்டேன்.

"அங்க போனா சிலேட்டு இருக்காதுங்களே" என்று சொல்லி, அன்றைக்குத்தான் முதன்முதலாக என் முன்னால் அழுதாள். நான் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னேன்.

"யாரு சட்டையக் கிழிச்சதுன்னு சொல்லு. தோலை உரிச்சர்றேன். அந்த மேட்டு ஊட்டுப் புள்ளதானே?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அவளை அடிக்காதீங்கப்பா. அவளுக்கு ரெண்டு எடத்துலயும் அடி உழுந்துருச்சுங்க."

அப்புறம்தான் விஷயம் வந்தது. லீவு முடிந்து வந்த இரண்டாம் நாள் அந்தச் சிறுமி, கையில் இருந்த பச்சையைப் பார்த்த பிறகும், "பரவால்ல வா, அம்மா காட்டுக்குப் போயிருக்குது" என்று என் மகளை உள்ளே கூட்டிப் போயிருக்கிறாள். அம்மாக்காரி திரும்பி வந்து பார்த்துவிட்டாள். என் மகளை ஒன்றும் சொல்லவில்லை. "இனிமே உள்ள வராத கண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். பிறகு அடுப்படிப் பானையெல்லாம் வெளியே போட்டு, வீட்டை முழுக்கச் சாணி மெழுகி, தன் மகளை விளக்குமாற்றால் சாத்தியிருக்கிறாள். அந்தச் சத்தம் பலாமரம் வரைக்கும் கேட்டதாம். அதற்கு மறுநாள்தான் பாட்டு பிறந்திருக்கிறது. கூட்டாளியைச் சேர்த்ததற்கு வீட்டில் அடி வாங்கினவள், சேர்க்கமாட்டேன் என்று ஊருக்குக் காட்டப் பாடியிருக்கிறாள். அதற்கு நானும் அடித்தேன். அடித்த கையால் அவள் போட்ட களியையும் தின்றேன்.

"இத ஏங் கண்ணு எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீங்க அவங்க ஊட்டுக்குப் பேசப் போவீங்க. உள்ள கூப்புடுவாங்க." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "உங்க தேளு எனக்குத் தெரியுங்களே. நான் யாருகிட்டயும் சொல்லலீங்கப்பா" என்றாள்.

பாட்டைக் கேட்டுக்கொண்டு, சட்டை கிழிபட்டு, மரத்தடியில் நனைந்துகொண்டு நின்றபோதெல்லாம் ஒரு வார்த்தையில் அவள் தப்பித்திருக்கலாம். எங்கப்பாவுக்கும்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரின் கண்ணும் அவளை விட்டு என் பக்கம் திரும்பியிருக்கும். எட்டு வயசுப் பிள்ளை அந்த வார்த்தையைச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தது.

உடனே போய்ச் சட்டையைக் கழற்றினேன் என்று எழுத ஆசைதான். மூன்று நாள் இழுத்தேன். ஊரே சேர்ந்து பிள்ளைகளை நிறுத்திவிட்டால் பள்ளிக்கூடம் என்ன ஆகும், மேலதிகாரிக்கு என்ன பதில் எழுதுவது என்றெல்லாம் யோசித்தேன். உண்மையில் பயந்தது அதற்கு இல்லை. நல்லவன் என்று நம்பிச் சோறு போட்டவர்கள் முன்னால் பொய்யனாக நிற்க வேண்டுமே என்று பயந்தேன். என் மனைவி துணிமணியை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். மகள் வயிற்று வலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சந்தைக்கு இன்னும் மூன்று நாள்தானே என்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை வந்தது. பிள்ளைகள் மேட்டு வீட்டுக்கு ஓடினார்கள். மகள் பலாமரத்தடிக்குப் போனாள். நான் ஆஜர்ப் பட்டியலைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, மழையில் இறங்கி நடந்தேன்.

"வாத்தியாரே, நனையாதீங்க, உள்ள வாங்க, வாங்க" என்று மேட்டு வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். வாசலில் நிறையப் பிள்ளை முகங்கள். நான் கூரையின் இறவாரத்துக்கு வெளியே, மழையிலேயே நின்று பொத்தானைக் கழற்றினேன். ஈரத்தில் துணி ஒட்டிக்கொண்டு லேசில் ஏறவில்லை. முழங்கை வரைக்கும் சுருட்டிக் கையை நீட்டினேன்.

"எனக்கும் இருக்குதுங்க. வந்த நாள்ல இருந்தே இருக்குது. உங்க வழக்கமும் வந்த நாள்ல இருந்தே தெரியும். தெரிஞ்சேதான் உள்ள வந்தேன்."

அவர் முகம் இருண்டுவிட்டது. எனக்குப் பலகை போட்டுக் களி கொடுத்ததெல்லாம் அவர் மனசில் ஓடியிருக்கும். அம்மாக்காரி சட்டென்று உள்ளே போனாள். நான் உட்கார்ந்த பலகை வெளியே மழையில் வந்து விழுந்தது.

பிள்ளைகளுக்கு நடுவில் அந்தச் சிறுமி நின்றாள். அவளைப் பார்த்து, "உன்னை அடிச்சது என்ற தப்பு கண்ணு. உங்கிட்ட என்ன நடந்துச்சுன்னு கேக்காம அடிச்சுப்போட்டேன்" என்றேன். அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள், என் தேளைப் பார்த்தாள்.

மேட்டு வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். "ஏனுங்க இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க" என்றார். திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். பிறகு, "மழையில எதுக்கு நிக்கறீங்க? எறவாரத்துக்கு வாங்க. நெலவத் தாண்டக்கூடாது, அவ்வளவுதானே" என்றார். நெலவு என்றால் வாசல் நிலை.

"பாப்பா?" என்றேன்.

"பாப்பாவுந்தான். அவளை மரத்துக்குப் போகச் சொல்லி யாருங்க சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பெரியவர்களின் வழக்கம் வாசல் நிலையோடு நின்றுவிட்டது. பிள்ளைகள்தான் பாட்டுப் பாடி அதை முப்பது அடி நீட்டி, பலாமரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். எது வரைக்கும் வரலாம் என்று முதல் நாளே நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் மகள் ஒரு சொட்டு நனைந்திருக்கமாட்டாள். கேட்டால் என் கையை யாராவது பார்ப்பார்களோ என்று நான் கேட்கவில்லை.

திரும்பி, "வா கண்ணு" என்று கூப்பிட்டேன். மகள் ஓடி வந்து இறவாரத்தின் கீழே என் பக்கத்தில் நின்றாள். ஊர் முழுக்க நான் தின்ற வீடுகளில் அன்று சாயங்காலமே சாணி மெழுகினார்கள். வழியில் பார்த்தவர்கள் என்னோடு பேசவில்லை. வீட்டில் என் மனைவி ஈரச் சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, சுருட்டின கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மூட்டையிலிருந்து மகளின் பாவாடையை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். மூட்டையை முழுக்க அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலையில் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மலையேறின பிறகு அதுதான் முதல் தடவை. நான் எதிர்பார்த்ததைவிட நிறையப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பதினாலு பேர். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார்கள். எழுந்து நின்று, ஒருவர் பின் ஒருவராக, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

அது அப்படி வலிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. முப்பது வயசு ஆம்பிளை நான், வாத்தியார். என் காது சூடாகிவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இறக்கிவிட ஒரு சட்டைக் கை இல்லையே என்று தவித்தேன். நான் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கண்டுக்காதே. பதில் சொல்லு. மூடிக்கொள். ஒன்றும் உதவவில்லை. கூரையில் செருகியிருந்த பிரம்பின் மேல் கண் போயிற்று.

முன் வரிசையில் என் மகள் மட்டும் கையை மறைக்காமல் நின்றாள். கிழிந்து தைத்த அந்தச் சட்டையின் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டிருந்தாள். நான் பிரம்பைப் பார்த்ததையும் பார்த்துவிட்டாள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பாடத்த ஆரம்பிங்கப்பா. நானும் அப்பிடித்தான் செய்வேன்" என்றாள்.

நான் பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டுப் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பெருக்கல் கணக்கு ஒன்று எழுதினேன். எழுதுகிற கையில் தேள் எல்லோருக்கும் தெரிந்தது. "எழுதிக்குங்க" என்றேன். பிள்ளைகள் கையைப் பின்னாலேயே வைத்திருந்தார்கள். கையைப் பின்னால் வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது. அதை முதலில் கண்டுபிடித்தவள் மேட்டு வீட்டுச் சிறுமி. கையை முன்னால் எடுத்தாள். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, எப்போதும் போல என் மகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அவள் எழுதுவதைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள்.